பெங்களூரில் இருக்கும் தமிழருக்கு இந்திய நாவல்கள்: எதில் தொடங்குவது, எங்கே வாங்குவது

வேலைக்காகப் பெங்களூர் வந்து ஒன்றிரண்டு வருடம் ஆனதும் கொஞ்சம் புத்தகம் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம் உறைக்கும். பக்கத்து நாற்காலியில் மலையாளி, டீம் லீட் வங்காளி, கீழ்வீட்டில் தெலுங்குக் குடும்பம். இவர்களோடு தினமும் பேசுகிறோம், டிபன் பாக்ஸைக்கூட மாற்றிக்கொள்கிறோம், ஆனால் இவர்கள் ஊரில் எழுதப்பட்ட ஒரு நாவலைக்கூடப் படித்திருக்க மாட்டோம். தஸ்தயேவ்ஸ்கியைத் தமிழில் படித்தவர் எத்தனையோ பேர், முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருந்து எழுதிய கன்னட நாவலாசிரியர் சிவராம காரந்தைத் தொடாதவர்கள். அவர்களுக்காக இது. தமிழில் நாவல் படித்துப் பழகியிருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் வேண்டாம். இருபதாம் நூற்றாண்டோடு நிறுத்திக்கொள்கிறேன், அதற்கே ஒரு ஆயுள் போதாது.

1. பரிசுப் பட்டியலை மூடி வையுங்கள்

புதிதாக வருகிறவர் முதலில் செய்வது ஞானபீட விருதுப் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாக டிக் போட ஆரம்பிப்பது. வேண்டாம். 1965ஆம் ஆண்டுக்கான முதல் ஞானபீடமே மலையாளக் கவிஞர் ஜி. சங்கர குருப்புக்குத்தான் போனது. கன்னடத்துக்குக் கிடைத்த எட்டில் பேந்த்ரே கவிஞர், கிரீஷ் கர்னாட் நாடகக்காரர். நாவல் தேடிப் போகிறவருக்கு அங்கே நிறைய சுற்றுவழி. இன்னொரு சிக்கல், 1980களின் தொடக்கம் வரை குறிப்பிட்ட ஒரு நூலுக்காகக் கொடுத்தார்கள், அப்புறம் மொத்தப் பங்களிப்புக்கு என்று மாற்றிவிட்டார்கள், அதனால் பின்னால் வருகிற பெயர்களுக்கு எதிரே எந்தப் புத்தகத்தை எடுப்பது என்ற குறிப்பே இருக்காது. நூலுக்குக் கொடுத்த காலத்திலும் அது உங்களுக்கான முதல் நூலாக இருக்கும் என்று சொல்ல முடியாது: குவெம்பு இரண்டு பெரிய நாவல்கள் எழுதியவர், அவருக்கு விருது வந்தது ராமாயண தரிசனக் காவியத்துக்கு.

பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து நாவல் படித்த பிறகு எடுத்துப் பாருங்கள், அப்போது அதில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பதுகூட உங்களுக்கே தெரியும். மலையாளத்தின் வைக்கம் முகம்மது பஷீர் இல்லை என்று தெரியும்போது கொஞ்சம் கோபம்கூட வரும்.

2. பிடித்த தமிழ் நாவல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒரு மொழியின் இலக்கிய வரலாற்றை முதலிலிருந்து படித்துக்கொண்டு வருவது ஆராய்ச்சி மாணவர் வேலை. வாசகருக்கு எளிய வழி, ஏற்கெனவே பிடித்த ஒரு தமிழ் நாவலுக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு மொழி நாவலைத் தேடுவது. கதை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அந்த உலகம் கொஞ்சம் தெரிந்ததாக இருந்தால் போதும், முதல் ஐம்பது பக்கத்தைத் தாண்டிவிடலாம், பெரும்பாலானவர்கள் கீழே வைப்பது அங்கேதான்.

தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள் உங்களை உலுக்கியது என்றால் யு.ஆர். அனந்தமூர்த்தியின் கன்னட நாவல் சம்ஸ்காரா. வண்ணநிலவனின் கடல்புரத்தில் நாவல் பிடித்தால் மலையாளத்தில் தகழியின் செம்மீன், இரண்டிலும் கடலும் காதலும், ஆனால் வாசனை வேறு. கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமத்தில் லயித்தவர்களுக்கு சிவராம காரந்தின் மண்ணும் மனிதரும்: தென்கன்னடக் கடற்கரையில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை, வயலுக்கும் உப்புக்காற்றுக்கும் நடுவே பெண்கள் செய்கிற வேலையை இத்தனை பொறுமையாக எழுதிய நாவலை நான் வேறு பார்த்ததில்லை. நீல. பத்மநாபனின் தலைமுறைகளுக்குப் பக்கத்தில் மலையாளத்தின் எம்.டி. வாசுதேவன் நாயரின் நாலுகெட்டு. பூமணியின் ‘பிறகு’ நாவலைப் படித்தவர்கள் காரந்தின் சோமன துடியை எடுக்கலாம். சொந்தமாக ஒரு துண்டு நிலத்தை உழ ஆசைப்படும் தலித் கூலி ஒருவனின் கதை, வெளிவந்தது 1933இல். அசோகமித்திரனின் பதினெட்டாவது அட்சக்கோடு பிடித்தவர்களுக்கு பீஷ்ம சாஹ்னியின் தமஸ், இந்தி நாவல், பிரிவினைக்குச் சற்று முன்பு ஒரு பஞ்சாப் நகரம் எப்படிப் பற்றி எரிந்தது என்பது.

பொன்னியின் செல்வனைத் தவிர வேறு எதுவும் படித்ததில்லை என்கிறீர்களா? வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்களுக்கும் வழி இருக்கிறது. கன்னடத்தில் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் சிக்கவீர ராஜேந்திரன், கல்கி அந்தத் தொடரை முடித்து இரண்டே வருடத்தில், 1956இல் வந்தது. குடகின் கடைசி அரசன், 1834இல் ஆங்கிலேயர் அவனை இறக்கி நாட்டை எடுத்துக்கொண்டார்கள். கல்கியிடம் எல்லோரும் அழகாக இருப்பார்கள், மாஸ்தியிடம் அரசன் குடித்தும் சந்தேகப்பட்டும் நம் கண் முன்னாலேயே அழிவான். லாங் வீக்கெண்டுக்கு மடிகேரி போகிறவர்கள் போவதற்கு முன்பு இதைப் படித்துவிட்டுப் போனால் அங்கிருக்கும் அரண்மனையும் கோட்டையும் செல்ஃபி எடுக்கும் இடமாக மட்டும் இருக்காது. மாஸ்தி வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர், வாழ்ந்தது இதே ஊரில் கவிபுரத்தில் என்பது கூடுதல் தகவல்.

3. ஆங்கிலத்தில் வேண்டாம், தமிழில் படியுங்கள்

இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. சர்ச் ஸ்ட்ரீட்டில் ஆங்கில மொழிபெயர்ப்பு சுலபமாகக் கிடைக்கிறது, அட்டை அழகாக இருக்கிறது, ஆகவே அதை வாங்கிவிடுகிறார்கள். ஏ.கே. ராமானுஜன் 1976இல் செய்த சம்ஸ்காரா போல அருமையானவை ஆங்கிலத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மடி, தீட்டு, திதி, மாமியார் அதிகாரம், பங்காளிச் சண்டை இதையெல்லாம் ஆங்கில வாசகருக்கு விளக்குவதற்கே அங்கே பாதி உழைப்பு போகிறது. தமிழில் அவை விளக்கமில்லாமல் வந்து உட்காரும். காரந்தின் கிழவி பேசுவது உங்கள் அப்பத்தா பேசுவது போலக் கேட்கும். தமிழில் கிடைக்காத நாவலுக்கு மட்டும் ஆங்கிலம், அப்படியும் நிறைய இருக்கத்தான் செய்கிறது.

4. அட்டையில் இரண்டாவது பெயரைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வையுங்கள். ஆசிரியர் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்த்து வாங்குங்கள். மகத்தான நாவல் மோசமான தமிழில் வந்தால் நீங்கள் அந்த நாவலாசிரியரைத்தான் குறை சொல்வீர்கள், அவர் பாவம், அவருக்குத் தமிழே தெரியாது.

மூலமொழியிலிருந்து நேரடியாகச் செய்தவர்களை முதலில் தேடுங்கள். வங்க மொழிக்கு அந்தக் காலத்தில் த.நா. குமாரஸ்வாமி, த.நா. சேனாபதி, பிறகு சு. கிருஷ்ணமூர்த்தி. மராத்தியில் வி.ஸ. காண்டேகரைத் தமிழ்நாட்டின் வீட்டுப் பெயராக்கியவர் கா.ஸ்ரீ.ஸ்ரீ. உங்கள் தாத்தா பாட்டி காலத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், காண்டேகர் தமிழர் என்றே நினைத்திருந்தவர்கள் உண்டு. இந்திக்கு சரஸ்வதி ராம்நாத், பிரேம்சந்தின் கோதானம் அவர் கை வழியாகத்தான் வந்தது. மலையாளத்துக்கு சுந்தர ராமசாமி தொடங்கி குளச்சல் மு. யூசுப், சுகுமாரன், யூமா வாசுகி, குறிஞ்சிவேலன் என்று இன்றுவரை ஆள் குறையவில்லை.

கன்னடத்துக்கு நம் ஊர்க்காரர்களே இருக்கிறார்கள். பாவண்ணன் தொலைபேசித் துறை வேலைக்காகக் கர்நாடகம் வந்து, கன்னடம் கற்று, எஸ்.எல். பைரப்பாவின் பருவம் உட்பட எத்தனையோ நூல்களைத் தந்தவர். நஞ்சுண்டன் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்துகொண்டே அனந்தமூர்த்தியின் அவஸ்தை நாவலை மொழிபெயர்த்தார். சித்தலிங்கையா, தி.சு. சதாசிவம் இருவர் பெயரையும் கண்டால் தயங்காமல் எடுக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையிலும் இல்லை, உள்ளே இரண்டாம் பக்கத்திலும் இல்லை என்றால் அந்தப் புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள். முதல் பக்கத்தையும் நடுவில் ஒரு உரையாடலையும் நின்றபடியே படித்துப் பாருங்கள். உரையாடல் கட்டுரை மாதிரி இருந்தால் அதுவும் வேண்டாம்.

5. முதல் ஐந்து

இது என் சிபாரிசு. வரிசையும் முக்கியம், சின்னதிலிருந்து பெரியதுக்குப் போகிறது.

முதலில் வைக்கம் முகம்மது பஷீரின் பாத்துமாவின் ஆடு. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். எழுத்தாளர் அமைதி தேடித் தன் வீட்டுக்கு வருகிறார், வீடு முழுக்கத் தம்பி தங்கைகள், அவர்களின் பிள்ளைகள், கோழி, பூனை, எல்லோருக்கும் அவரிடம் காசு வேண்டும், இதற்கு நடுவே தங்கை பாத்துமாவின் ஆடு வந்து அவருடைய புத்தகத்தையே தின்கிறது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே படித்துவிட்டு, மூடிய பிறகுதான் அந்த வீட்டில் எவ்வளவு பட்டினி இருந்தது என்பது புரியும்.

இரண்டாவது கேசவ ரெட்டியின் அவன் காட்டை வென்றான். தெலுங்கிலிருந்து. சித்தூர்ப் பக்கத்து எழுத்தாளர், அந்த மண்ணும் புதரும் நமக்குப் புதிதில்லை. பன்றி மேய்க்கும் ஒரு கிழவர், காணாமல் போன சினைப்பன்றியைத் தேடி இரவில் காட்டுக்குள் போகிறார், அவ்வளவுதான் கதை. பேருந்தில் எலக்ட்ரானிக் சிட்டி போய்வருகிற நேரத்தில் பாதி முடிந்துவிடும். அதிகம் பேர் பேசாத புத்தகம் என்பதால் யாரிடமாவது சிபாரிசு செய்தால் உங்களுக்கு நல்ல பெயரும் கிடைக்கும்.

மூன்றாவது சம்ஸ்காரா, 1965. அக்கிரகாரத்தில் நாரணப்பா செத்துப் போகிறான். ஆசாரத்தையெல்லாம் காற்றில் விட்டு, தாழ்ந்த சாதிப் பெண் சந்திரியோடு வாழ்ந்தவன், ஆனால் முறைப்படி விலக்கி வைக்கப்படாதவன். அவனுக்கு யார் கொள்ளி வைப்பது? பிணம் எரியாமல் அக்கிரகாரத்தில் யாரும் சாப்பிடவும் முடியாது. எல்லோரும் பிராணேசாச்சாரியாரின் முகத்தைப் பார்க்கிறார்கள், அவர் சாஸ்திரத்தில் விடை தேடுகிறார், விடை கிடைப்பதாக இல்லை, இதற்கிடையில் எலிகள் வேறு செத்து விழ ஆரம்பிக்கின்றன. அனந்தமூர்த்தி இதை இங்கிலாந்தில், பர்மிங்காமில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது எழுதினார். ஊரைவிட்டு அத்தனை தூரம் போனதால்தான் ஊரை இப்படிப் பார்க்க முடிந்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். முடிவு தொங்கலில் நிற்கும், எரிச்சல் படாதீர்கள். 1970இல் வந்த படத்தையும் பிறகு பாருங்கள், முன்னால் வேண்டாம்.

நான்காவது பைரப்பாவின் ஒரு குடும்பம் சிதைகிறது. நஞ்சம்மாவுக்கு வாய்த்த கணவன் ஊர்க் கணக்குப்பிள்ளை, ஆனால் கணக்கெழுதத் தெரியாதவன், சோறு தவிர வேறு சிந்தனை இல்லாதவன். மாமியார் வாயைத் திறந்தால் வசவு. நஞ்சம்மாவே கணக்கெழுதக் கற்று, இலை தைத்து, பிள்ளைகளை வளர்க்கிறாள், அப்புறம் பிளேக் வருகிறது. பைரப்பாவே சின்ன வயதில் பிளேக்கில் தாயையும் உடன்பிறந்தவர்களையும் இழந்தவர், அதனால் அந்த அத்தியாயங்களில் ஒரு வரிகூட அலங்காரம் இல்லை. ஞாயிறு இரவு படிக்க வேண்டாம், மறுநாள் வேலைக்குப் போக மனசு வராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அனந்தமூர்த்தியும் பைரப்பாவும் கருத்தில் எதிரெதிர் துருவம், பொதுவெளியிலேயே மோதிக்கொண்டவர்கள், இந்த ஊரில் படிக்கிறவர்களில் பலர் இரண்டில் ஒரு கட்சி. நீங்கள் இரண்டு பேரையும் படியுங்கள். வீட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதத்தில் மட்டும் வீட்டுக்காரரிடம் எந்தப் பக்கமும் பேசாதீர்கள்.

ஐந்தாவது தாராசங்கர் பந்த்யோபாத்யாயின் ஆரோக்கிய நிகேதனம். வங்க நாவல், 1956இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது, தமிழில் த.நா. குமாரஸ்வாமி. பரிசுகளைப் பற்றி மேலே பேசியதை எல்லாம் மீறி இதைச் சொல்கிறேன், இந்திய நாவல்களில் ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு நான் கொடுப்பது இதைத்தான். ஜீவன் மஷாய் என்ற கிழ வைத்தியர், பரம்பரையாக நாடி பார்ப்பவர். நாடியைத் தொட்டால் மரணம் எப்போது வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொல்லியும்விடுவார். ஊருக்குப் புதிதாக வந்த அலோபதி டாக்டர் பிரத்யோத்துக்கு இது கொடுமையாகவும் மூடநம்பிக்கையாகவும் படுகிறது. நோயாளியிடம் நீ சாகப் போகிறாய் என்று சொல்ல இவர் யார்?

சாதாரண எழுத்தாளராக இருந்தால் பழைய வைத்தியம் நல்லது, புதியது கெட்டது என்று முடித்திருப்பார், அல்லது நேர்மாறாக. தாராசங்கர் இரண்டு பேருக்கும் நியாயம் கொடுக்கிறார். பெனிசிலின் காப்பாற்றுகிற உயிர்களும் நாவலில் இருக்கின்றன, நாடியைப் பார்த்துச் சொன்னது அப்படியே பலிக்கிற இடங்களும் இருக்கின்றன, மஷாய்க்கு இளம் வயதில் ஏற்பட்ட ஒரு பழைய காயமும் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் தன் சொந்த மகனின் நாடியிலேயே சாவைப் படித்தவர். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வர வேண்டியிருக்கும். ஐசியூ வாசலில் உட்கார்ந்து, டாக்டர் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று யோசித்திருக்கிற யாருக்கும் இது பழைய காலத்துக் கதையாகத் தோன்றாது.

இந்த ஐந்துக்குப் பிறகு வழி தானாகப் பிரியும். வங்காளத்தின் மகாசுவேதா தேவி (1084இன் அம்மா), ஆஷாபூர்ணா தேவி (முதல் சபதம், ஞானபீடம் பெற்ற முதல் பெண் இவர்), தகழியின் தோட்டியின் மகன். கடைசியாகச் சொன்னதைத் தமிழர் கட்டாயம் படிக்க வேண்டும், ஆலப்புழையில் மலம் அள்ளும் அந்த மனிதர்களின் பெயர்களைப் பார்த்தாலே எந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள் என்று தெரிந்துவிடும்.

6. பெங்களூரில் எங்கே கிடைக்கும்

நல்ல செய்தி, இந்த நாவல்களை வெளியிட்ட இரண்டு பெரிய அரசு சார்ந்த நிறுவனங்களுக்கும் இங்கே அலுவலகம் இருக்கிறது. சாகித்திய அகாதெமியின் மண்டல அலுவலகம் சென்ட்ரல் காலேஜ் வளாகத்தில், மெட்ரோ ஊதா வழித்தடத்தில் நிலையத்தின் பெயரிலேயே சென்ட்ரல் காலேஜ் இருக்கும், தேட வேண்டாம். நேஷனல் புக் டிரஸ்டுக்கும் தென்மண்டல அலுவலகம் பெங்களூரில்தான், முகவரியை அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுமே அலுவலகங்கள் என்பதால் வேலை நாளில், மதியச் சாப்பாட்டு நேரம் தவிர்த்துப் போங்கள், கிளம்பும் முன் போன் செய்துவிடுங்கள். விலை குறைவு, அச்சு சுமார், சில நேரம் அட்டையைப் பார்த்தால் அழுகை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். நேஷனல் புக் டிரஸ்டின் ஆதான் பிரதான் என்ற வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு இந்திய மொழி நாவலை மற்ற இந்திய மொழிகளுக்குக் கொண்டுபோவதற்காகவே தொடங்கியது. பல மொழி நாவல்கள் அதில்தான் தமிழுக்கு வந்தன.

கடன் வாங்கிப் படிக்க ஹலசூர் ஏரி அருகே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம், அங்கே நூலகம் இருக்கிறது, பக்கத்திலேயே 2009இல் திறந்த திருவள்ளுவர் சிலை. அச்சில் இல்லாத பழைய மொழிபெயர்ப்புகள் இப்படிப்பட்ட சங்க நூலகங்களில்தான் தூசியோடு உட்கார்ந்திருக்கும், அட்டவணையில் தேடுவதைவிட அலமாரியில் கண்ணால் தேடுவது வேகம். கப்பன் பூங்காவின் சிவப்புக் கட்டட நூலகத்தைக் கன்னட மூலங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பிளாஸம், புக்வோர்ம் போன்ற சர்ச் ஸ்ட்ரீட் கடைகள் ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்கு, பழைய பிரதி பாதி விலையில் கிடைக்கும்.

காலச்சுவடு மாதிரிப் பதிப்பகங்கள் வெளியிட்ட பஷீர், அனந்தமூர்த்தி போன்றவற்றை இணையத்தில் நேராக ஆர்டர் செய்துவிடலாம். மொத்தமாக வாங்குவதென்றால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் போய் ஒரு நாள் தங்கி வந்தாலே போதும். அகாதெமி, டிரஸ்ட் இரண்டின் அரங்கிலும் முதல் சில நாட்களிலேயே போய்விடுங்கள், பிரதி கொஞ்சமாகத்தான் கொண்டுவருவார்கள். ஓசூரிலும் புத்தகத் திருவிழா நடக்கிறது, அது இன்னும் பக்கம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய மொழிபெயர்ப்புகளைத் தேடிப் பாருங்கள்.

தேடும்போது ஒரு தொல்லை வரும், தமிழ்த் தலைப்பு மூலத்தலைப்போடு பொருந்தாது. காரந்தின் மரளி மண்ணிகெதான் மண்ணும் மனிதரும். பைரப்பாவின் கிருகபங்காதான் ஒரு குடும்பம் சிதைகிறது. விபூதிபூஷணின் வங்க நாவல் ஆரண்யக் தமிழில் வனவாசி, பன்னாலால் படேலின் குஜராத்தி நாவல் மானவீனி பவாய் தமிழில் வாழ்க்கை ஒரு நாடகம், குர்ரத்துல்ஐன் ஹைதரின் உருது நாவல் ஆக் கா தரியா தமிழில் அக்னி நதி. இரண்டு தலைப்பையும் போனில் குறித்து வைத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் கண் முன்னால் இருந்தாலும் தாண்டிப் போய்விடுவீர்கள்.

7. படிக்கும்போது

பெயர்கள்தான் முதல் தடை. வங்க நாவலில் ஒரே ஆளுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, வெளிப்பெயர் ஒன்று, உறவுமுறைப் பெயர் ஒன்று. முதல் அத்தியாயம் படிக்கும்போதே ஒரு தாளில் குடும்ப மரத்தை வரைந்து புத்தகத்துக்குள் செருகிவிடுங்கள். நாற்பது பக்கம் தாண்டிய பிறகு வரைய ஆரம்பித்தால் வரைய மாட்டீர்கள்.

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். அகாதெமி வெளியீடுகளில் முன்னுரை எழுதுகிறவர்களுக்குக் கதை முழுவதையும் சொல்லிவிடுகிற வியாதி உண்டு.

அப்புறம், பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசுங்கள். "உங்க மொழியில எது நல்ல நாவல்?" என்று கேட்டால் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்த பெயரைச் சொல்வார். "உங்க வீட்ல, உங்க அம்மா எதைத் திரும்பத் திரும்பப் படிச்சாங்க?" என்று கேளுங்கள், வேறு மாதிரி பதில் வரும். வங்காளியிடம் கேட்டால் அரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு கேட்க வேண்டும். மலையாளி பஷீரைப் பற்றிச் சொல்லும்போது நாவலைச் சொல்கிறாரா, தன் மாமாவைப் பற்றிச் சொல்கிறாரா என்று தெரியாது.

தனியாகப் படிக்கச் சோம்பலாக இருந்தால் மூன்று நான்கு பேர் சேர்ந்து மாதம் ஒரு நாவல் வையுங்கள். அதற்கு மேல் ஆள் சேர்த்தால் வாட்ஸப்பில் காலை வணக்கம்தான் மிஞ்சும். எல்லோரும் தமிழராக இருப்பதைவிட ஒருவராவது அந்த நாவலின் மொழிக்காரராக இருந்தால் நல்லது, அவர் மூலத்தைப் படிக்கட்டும், நீங்கள் தமிழில் படியுங்கள், எந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வருகிறது, உங்களுக்கு வரவில்லை என்பதைப் பேசினாலே ஒரு மாலை போய்விடும்.

8. இப்போதைக்குத் தள்ளி வைக்க வேண்டியவை

பருவம். மகாபாரதத்திலிருந்து அற்புதங்களையெல்லாம் கழற்றிவிட்டு மனிதர்களாக மட்டும் நிறுத்திய நாவல், தலையணை கனம், பொறுமையில்லாமல் நுழைந்தால் நூறு பக்கத்தில் மூச்சு வாங்கும். மகாபாரதம் என்றால் முதலில் எம்.டி.யின் ‘இரண்டாம் இடம்’ நாவலைப் படியுங்கள், பீமனின் கண் வழியாகப் போவது, ஓடும்.

அக்னி நதியும் பிறகுதான். கிமு நான்காம் நூற்றாண்டில் தொடங்கிப் பிரிவினைக்குப் பின்வரை வருகிற நாவல், அதே பெயர்கள் வேறு வேறு காலத்தில் திரும்ப வரும். நாலைந்து நாவல் கைப்பழக்கம் ஆன பிறகு எடுத்தால் அதன் பிரம்மாண்டம் தெரியும், முதலில் எடுத்தால் தலைவலிதான். அதீன் பந்த்யோபாத்யாயின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ நாவலும் அவசரக்காரர்களுக்கானதில்லை, மழைக்காலத்தில் நீண்ட விடுப்பு கிடைத்தால் எடுங்கள், கிழக்கு வங்காளத்தின் நீரும் வயலும் அப்படியே உள்ளே வரும். ஓ.வி. விஜயனின் மலையாள நாவல் கசாக்கின் இதிகாசம் மெலிந்த புத்தகம்தான், ஆனால் அதையும் நான் முதலில் கொடுப்பதில்லை. பஷீரையும் தகழியையும் படித்தவருக்குத்தான் விஜயன் 1969இல் எதை உடைத்தார் என்பது தெரியும்.

9. இங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் கன்னட எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

பேசத் தெரிந்திருக்கும் பலருக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்து கற்பது பயப்படுகிற அளவுக்குப் பெரிய வேலையில்லை. உயிரெழுத்து வரிசை நமக்குத் தெரிந்ததுதான், மெய்யில் க, ச, ட, த, ப ஐந்துக்கும் நந்நான்கு எழுத்து, அங்கேதான் கொஞ்சம் உழைக்க வேண்டும். பேருந்துப் பலகையும் கடைப் பலகையும்தான் பாடப் புத்தகம். கற்றுவிட்டால் தெலுங்கு எழுத்தும் பாதி வந்த மாதிரி.

எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும், தமிழில் ஏற்கெனவே படித்து முடித்த ஒரு நாவலின் கன்னட மூலத்தை வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காந்தி பஜார் பக்கம் போனால் கன்னடக் கடைகளில் கிடைக்கும். சோமன துடி சின்னது, அதில் தொடங்கலாம். அடுத்து காரந்தின் பெட்டத ஜீவ, சுப்பிரமண்யா பக்கத்துக் காட்டில் தனியாக வாழும் ஒரு கிழத் தம்பதியைப் பற்றியது, குமாரபர்வதத்துக்கு மலையேறப் போகிற கூட்டத்தோடு நீங்களும் போகிறவராக இருந்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சம்ஸ்காரா மூன்றாவதாக இருக்கட்டும், அதில் சமஸ்கிருதம் கலந்த நடை கொஞ்சம் இருக்கும். தேவனூர மகாதேவரின் குசுமபாலெயை மட்டும் ரொம்பத் தள்ளி வையுங்கள், அதன் வட்டாரப் பேச்சு பெங்களூர்க் கன்னடர்களையே திணறடிக்கும், நஞ்சன்கூடு பக்கத்து ஆள் ஒருவர் கூட உட்கார்ந்தால் ஒழிய முதல் அத்தியாயத்தைத் தாண்ட முடியாது.